ஜூன் எட்டாம் தேதி வார்த்த இறக்கை

ஜூன் 5, புதன்

தினமும் போனில் நான் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு என் கணவர் கதிரேசனுக்கு அலுத்துவிட்டது. "இதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வையேன், பிரமிளா" என்றார். புனேயில் உட்கார்ந்துகொண்டு எதையும் சொல்லிவிடலாம். சரி, எழுதுகிறேன்.

இன்று அரை நாள் அச்சுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். ஐம்பது மீட்டர் நீளக் காற்றாலை இறக்கையை வார்க்கும் அச்சு அது. கண்ணாடி இழைத் துணிகளை அடுக்கி, மேலே உறை போட்டு, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு ரெசினை விடுவோம். ரெசினோடு ஹார்டனர் சேர்ந்தால்தான் அது இறுகும். எப்போது இறுகியது என்பதை இங்கே இத்தனை வருடமும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். ஏழு மணி நேரம் ஆனால் திற. அவ்வளவுதான்.

அந்தக் கடிகாரத்தை ஒழிப்பதற்குத்தான் என்னை எடுத்தார்கள். அச்சின் அடியில் நான்கு இடங்களில் சென்சார் பதித்திருக்கிறேன். காதுக்குக் கேட்காத ஒலியை அவை ரெசினுக்குள் அனுப்பும், அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கும். கூழாக இருக்கும்போது ஒலி மெதுவாகப் போகும். இறுக இறுக வேகம் கூடும். முழுக்க இறுகியதும் அதற்குமேல் கூடாது. திரையில் ஒரு கோடு ஏறிக்கொண்டே போய்ச் சமமாகிவிடும். நல்ல இறக்கை என்றால் நொடிக்கு 2,900 மீட்டரில் போய் நிற்கும்.

இதை எட்டு மாதமாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உற்பத்தி மேலாளர் குருபாதம் சார் இன்றும் அச்சு ஓரமாக நின்று, "ஸ்கேன் என்னம்மா சொல்லுது?" என்று கேட்டுச் சிரித்தார். முடியெல்லாம் பசை. ஷாம்பூ போட்டும் போகவில்லை.

ஜூன் 6, வியாழன்

தோசை மாவு பொங்கி ஃப்ரிட்ஜ் முழுக்க வழிந்துவிட்டது. துடைத்துவிட்டுப் போவதற்குள் கம்பெனி பஸ்ஸை விட்டேன். வள்ளியூரிலிருந்து ஆட்டோ.

கலவை இயந்திரத்தின் சத்தம் ஒரு மாதிரியாக இருக்கிறதே என்று சவரிமுத்து அண்ணாச்சியிடம் கேட்டேன். பன்னிரண்டு வருடமாக அதை ஓட்டுபவர், காண்ட்ராக்ட் ஆள். கூட்டப்புளியிலிருந்து பைக்கில் வருவார். "நல்லாத்தான் ஓடுது மேடம்" என்றார். மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் அவரிடமிருந்து வரும் ஒரே பதில்.

ஜூன் 7, வெள்ளி

வெள்ளிக்கிழமை மாலை கலவை இயந்திரத்துக்குக் கப் டெஸ்ட். ரெசின் குழாயிலிருந்து ஒரு கப், ஹார்டனர் குழாயிலிருந்து ஒரு கப் பிடித்துத் தராசில் நிறுக்க வேண்டும். ரெசின் நூறுக்கு ஹார்டனர் முப்பது வர வேண்டும். தாளில் நானும் அண்ணாச்சியும் கையெழுத்துப் போட வேண்டும். இன்றைய தாளை மதியமே முடித்து ஃபைலில் வைத்துவிட்டேன். எட்டு மாதத்தில் அந்தத் தாள் முப்பதைத் தவிர வேறு எண்ணைப் பார்த்ததே இல்லை.

மூன்று மணிக்கு வீட்டில் இருந்தேன். புனேக் கம்பெனிக்காரர்கள் வீடியோவில் ஐம்பது நிமிடம் பேசினார்கள். நன்றாகத்தான் போனது.

ஜூன் 8, சனி

ஃபோர்க்லிஃப்ட்காரர் என் சென்சார் கேபிள் மேலேயே வண்டியை ஏற்றிவிட்டார். மஞ்சள் கோடு போட்டு, போர்டு வைத்து, அதில் தமிழிலும் இந்தியிலும் எழுதிப் போட்டிருந்தேன். புதுக் கேபிள் திங்கட்கிழமைதான் வரும். அதுவரை பொறுங்கள் என்றால் கேட்பார்களா? 41-ஆம் எண் இறக்கையைச் சென்சார் இல்லாமலே வார்த்தார்கள். ஏழு மணி நேரம், திற. சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, "மணி மாதிரி கேக்குது" என்றார் குருபாதம் சார்.

ஜூன் 10, திங்கள்

புதுக் கேபிள் மாட்டி 42-ஐ வார்த்தோம். கோடு ஒழுங்காக ஏறி, 2,720-இல் நின்றுவிட்டது. அரை மணி நேரம் பார்த்தேன். நகரவில்லை. குருபாதம் சாரிடம் ஓடினேன். கோடு சமமானதும் திறக்கலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், இப்போது சமமாகத்தானே இருக்கிறது என்றார். சமமானால் போதாது சார், 2,900-க்கு வந்து சமமாக வேண்டும் என்றேன். "போன வாரம் வரைக்கும் ஒண்ணு சொன்னீங்க, இப்ப ஒண்ணு சொல்லுதீங்க" என்றார்.

புதுக் கேபிள்தான் காரணமாக இருக்க வேண்டும்.

ஜூன் 11, செவ்வாய்

43. நான்கு சென்சாரும் 2,690. கேபிளை மாற்றினேன். சென்சாருக்கும் அச்சுக்கும் நடுவே இருக்கும் பசையை வழித்துவிட்டுப் புதிதாகத் தடவினேன். கருவி விற்ற பெங்களூர் கம்பெனிக்குப் போன் போட்டால், கருவி ஆன் ஆகியிருக்கிறதா என்று கேட்கிறான். கோடு வந்துகொண்டிருக்கிறது என்று இப்போதுதானே சொன்னேன்! அப்படியா, ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் மேடம்.

ஜூன் 12, புதன்

சென்சார்களைக் கழற்றி, மார்ச்சில் வார்த்த நல்ல துண்டு ஒன்றில் வைத்துப் பார்த்தேன். 2,905. ஆகவே சென்சார் பொய் சொல்லவில்லை. ரெசின்தான் சரியாக இறுகவில்லை. குருபாதம் சார் முணுமுணுத்துக்கொண்டே வார்ப்பை இரண்டு நாள் நிறுத்தினார். 42-ஐயும் 43-ஐயும் ஓரமாக வைக்கச் சொன்னார்.

ரெசின் டிரம்களின் தேதி பார்த்தேன், சரி. ஹார்டனர் டிரம்கள், சரி. அச்சின் சூடு, சரி. கூடத்தின் ஈரப்பதம், சரி. எல்லாம் சரி என்றால் எங்கேதான் தப்பு?

ராத்திரி கதிரேசனிடம் கத்தினேன். கலக்குகிற மெஷினைப் பார்த்தாயா என்றார். அவர் கம்ப்யூட்டர்காரர், அவருக்கு இதில் என்ன தெரியும்? அதற்கு வெள்ளிக்கிழமை இருக்கிறது, அன்றைக்குப் பார்ப்போம் என்று போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 13, வியாழன்

41 லாரி ஏறிக் கயத்தாறு பக்கம் ஒரு காற்றாலைக்குப் போய்விட்டது. அதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஜூன் 14, வெள்ளி

கப் டெஸ்ட். நூறுக்கு இருபத்து நான்கு.

மறுபடி பிடித்தோம். இருபத்து நான்கு. ஹார்டனர் பம்பைத் திறந்தால் உள்ளே இருந்த வடிகட்டியில் பழுப்பு நிறத்தில் களிம்பு மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. அதைக் குச்சியால் சுரண்டிக் காட்டிய சவரிமுத்து அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்:

"இது ஒரு நாள்ல அடைக்கிறது இல்ல மேடம். பதினஞ்சு நாளா அடைஞ்சிருக்கு."

இந்த வாரத்தில்கூட அடைத்திருக்கலாம் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். வடிகட்டியை ஒரு பேப்பரில் மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். எதையும் முழுதாகச் சொல்லாமல் போவது அவருக்குப் பழக்கம்.

ஜூன் 15, சனி

விசாரணை. குருபாதம் சார், நான், காண்ட்ராக்டர் தங்கப்பழம். அண்ணாச்சியை உள்ளே கூப்பிடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஃபைலை எடுத்தார்கள். ஜூன் 7, நூறுக்கு முப்பது, இரண்டு கையெழுத்து. அப்படியானால் ஏழாம் தேதி மாலை வரை பம்ப் சரி. மறுநாள் காலையில் வார்த்த 41-உம் சரி. அடைப்பு அதன் பிறகுதான். பம்ப் அழுத்தம் இறங்கியதை ஓட்டுகிற ஆள் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. குருபாதம் சார் கணக்குப் பாடம் மாதிரி வரிசையாகச் சொல்லி முடித்து, "சரிதானம்மா?" என்று என்னைக் கேட்டார். தலையை ஆட்டினேன். தங்கப்பழம் வெளியே போய் அண்ணாச்சியிடம் ஏதோ சொன்னார். அண்ணாச்சி அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தார்.

ஏதாவது சொல்ல வேண்டியதுதானே? வாய் இருக்கிறதல்லவா? கதவைத் திறந்துகொண்டு வந்து இரண்டு வார்த்தை பேசினால் நான் என்ன இல்லையென்றா சொல்லப்போகிறேன்? பேசாமல் போகிறவரைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஜூன் 17, திங்கள்

புதிதாக அனுப்பிய ஆள் குழாயை மாற்றி மாட்டித் தரையெல்லாம் ரெசின். நானே துடைத்தேன். நானே கப் பிடித்தேன், நிறுத்தேன், முப்பது. 44-இல் கோடு 2,910 வரை போய்ச் சமமானது. எட்டு மாதத்தில் இதைவிட அழகான கோடு வந்ததில்லை. குருபாதம் சார் முதல் தடவையாக "ஸ்கேன்" என்று சொல்லாமல், கருவி வேலை செய்கிறது, சென்னை அலுவலகத்துக்கு எழுதுகிறேன், உங்களைப் பற்றியும் எழுதுகிறேன் என்றார்.

மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. வெயில்தான் காரணம்.

ஜூன் 18, செவ்வாய்

புனேயிலிருந்து வேலைக்கான கடிதம் வந்துவிட்டது. ஜூலை 15 சேர வேண்டும். கதிரேசன் வீடு பார்க்கத் தொடங்கிவிட்டார். பால்கனி வேண்டுமா என்று கேட்கிறார்.

ஜூன் 19, புதன்

41-ஐச் சனிக்கிழமை கோபுரத்தில் ஏற்றுகிறார்களாம். கோபுரம் நிற்கும் இடத்திலிருந்து அறுபது மீட்டரில் ஊர்ச் சாலை. ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை கைக்கருவியால் பார்த்துவிட்டு வரட்டுமா என்று குருபாதம் சாரிடம் கேட்டேன். எதற்கு என்றார். சும்மா, ஆய்வுக்கு என்றேன். ஜீப்புக்கு யார் டீசல் போடுவது, அது நல்ல பிளேடு என்று நீங்கள்தானே தலையாட்டினீர்கள் என்றார்.

அது உண்மை. நான்தான் தலையாட்டினேன்.

ஜூன் 20, வியாழன்

காலை ஒன்பது மணிக்கு அவர் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"சார், ஏழாம் தேதி கப் டெஸ்ட் நடக்கல. நான் செய்யல. தாள்ல எண்ணை நானா எழுதினேன். அண்ணாச்சிகிட்ட கையெழுத்தும் நான்தான் வாங்கினேன்."

அவர் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"எங்க போனீங்க?"

"வீட்டுக்கு. புனேல ஒரு வேலைக்கு இண்டர்வியூ."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அப்ப 41?" என்று மட்டும் கேட்டார். தெரியாது சார், அதில் சென்சார் இல்லை, வடிகட்டி அப்போதே அடைத்திருந்தால் அதுவும் மற்ற இரண்டு மாதிரிதான் என்றேன். அவர் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். அப்புறம்தான் குரல் உயர்ந்தது. "ஏம்மா, இத விசாரணைல சொல்லக் கூடாதா? அந்த மனுசன் வெளிய நின்னாரே."

ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கதிரேசனிடம் மாலையில் சொன்னேன். இன்னும் மூன்று வாரம், பேசாமல் வந்திருக்கலாமே என்றார். அவர் கெட்டவர் இல்லை. நானும் இத்தனை நாள் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஜூன் 21, வெள்ளி

கயத்தாறு. காற்று ஆளைத் தள்ளுகிறது. 41 மரக்கட்டைகளின்மேல் கிடந்தது. வரைபடத்தில் கனத்தைப் பார்த்துக்கொண்டு எட்டு இடத்தில் கைக்கருவியை வைத்தேன். பசை தடவுவதற்குள் காற்று மண்ணை அள்ளி அதன்மேல் போட்டது. துடைத்து, தடவி, துடைத்து, தடவி.

அடிப்பகுதியில் 2,880. நடுவில் போகப்போக இறங்கியது. ஆறு இடத்தில் 2,750-க்குக் கீழ்.

கிரேன் வந்து நின்றுவிட்டது. அதற்கு வாடகை நேற்றிலிருந்து ஓடுகிறது. அங்கிருந்த சைட் எஞ்சினியர், உங்கள் கருவி தப்பாக இருக்கலாமே, தட்டினால் நன்றாகத்தானே கேட்கிறது என்றார். பத்து நாளைக்கு முன் நானும் கருவியைத்தான் சந்தேகப்பட்டேன். குருபாதம் சார் குறுக்கே வந்தார். "அந்தக் கருவி சரி. அத ஏத்த வேண்டாம்" என்றார். திரும்பி வரும் வழி முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூன் 22, சனி

கூட்டப்புளிக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போதே என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். உங்கள்மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன் அண்ணாச்சி, என்னைக் காட்டிக் கொடுக்காமல் இருந்தீர்களே, அதை மறக்க மாட்டேன்.

வீட்டு வாசலில் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மனைவி நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. நான் யோசித்து வைத்ததைச் சொன்னேன். அண்ணாச்சி குழாயை மூடினார்.

"நான் எங்க மேடம் காட்டிக் குடுக்காம இருந்தேன்? அன்னைக்கே தங்கப்பழத்துகிட்ட சொல்லிட்டேன். டெஸ்டே நடக்கல, மேடம் போடச் சொன்னாவ, போட்டேன்னு. 'படிச்ச பொம்பள மேல பழி போடுதியா'ன்னு கேட்டான். குருபாதம் சாரு வீட்டுக்குப் போன் போட்டேன், எடுக்கல. யூனியன் ஆளுககிட்ட சொன்னேன், காண்ட்ராக்ட் ஆளு நமக்குக் கணக்குல இல்லன்னுட்டாங்க. ஏழு நாளா சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"நீங்க நெனச்சிருப்பிய, சவரிமுத்து பேச மாட்டான்னு. பேசினேன் மேடம். கேக்கதுக்குத்தான் ஆளு இல்ல."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் துணியைப் பிழிந்து பைக் கைப்பிடியில் போட்டார். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். தெரியும் என்றார். திரும்பும் பஸ்ஸில் இடமில்லை, ராதாபுரம் வரை நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டில் அவரைப் பற்றி எழுதியதையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். நல்லாத்தான் ஓடுது, முழுதாகச் சொல்ல மாட்டார், வாய் இருக்கிறதல்லவா. ஒரு வரியையும் அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

ஜூன் 24, திங்கள்

41, 42, 43 மூன்றையும் அறுத்துவிட முடிவாகிவிட்டது. எனக்குக் கடைசி எச்சரிக்கைக் கடிதம். புனேக்காரர்களுக்கு நானே எழுதிவிட்டேன், நடந்ததை நடந்தபடி. பதில் இல்லை.

பதினொரு மணிக்குச் சவரிமுத்து அண்ணாச்சி வந்தார். வெள்ளைச் சட்டை. சென்னை அலுவலகம் அனுப்பிய இரண்டு பக்க அறிக்கையைக் குருபாதம் சார் அவர் முன் வைத்தார். இதில் கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே வேலைக்குச் சேரலாம், நின்ற நாட்களுக்கும் சம்பளம் உண்டு என்றார். தங்கப்பழம் பேனாவைத் திறந்து நீட்டினார்.

அண்ணாச்சி பேனாவை வாங்கவில்லை. இங்கிலீஷில் இருக்கிறதே, யாராவது தமிழில் படியுங்கள் என்றார். தங்கப்பழம், உனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது, போடு என்றார். படிக்கட்டும் என்றார் அண்ணாச்சி. குருபாதம் சார் தாளை என் பக்கம் தள்ளினார்.

படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தச் சொன்னார். வடிகட்டி என்றால் எந்த வடிகட்டி, தேதி சரிதானா, அதை யார் பார்த்தது. நாற்பது நிமிடம் ஆயிற்று. குருபாதம் சார் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கும் முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. இரண்டாம் பக்கத்தில், 'ஜூன் ஏழாம் தேதி எஞ்சினியரும் ஆபரேட்டரும் சோதனையைச் செய்யவில்லை' என்று ஒரு வரி வந்தது.

"அந்த வரிய மறுபடி படிங்க."

படித்தேன்.

"எஞ்சினியரும் ஆபரேட்டருமா?"

நான் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சாயங்காலம் வந்து செய்வோம் அண்ணாச்சி, இப்ப போட்டு வைங்கன்னு சொன்னிய. நான் ரெண்டு கப்பையும் கழுவித் தொடச்சு வச்சுக்கிட்டு அஞ்சரை வரைக்கும் உக்காந்திருந்தேன். வரல. சரி, நாமளே நிறுத்துப் பாப்போம்னு போனா, தராசு ரூம் பூட்டிக் கெடக்கு. சாவி உங்க பையில போயிட்டு."

குருபாதம் சார் என்னைப் பார்த்து, அப்படியாம்மா என்றார். ஆமாம் சார் என்றேன். சாயங்காலம் வருகிறேன் என்று சொன்னதை இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை.

அதையும் அதில் எழுத வேண்டும் என்றார் அண்ணாச்சி. சென்னையிலிருந்து வந்த அறிக்கையில் கை வைக்கலாமா என்று தங்கப்பழம் இழுத்தார். எழுதுங்கம்மா என்றார் குருபாதம் சார். அந்த வரியை அடித்தேன். அதன் மேலே, ஓரத்தில் சாய்ந்து போகும்படி, பேனாவால் எழுதினேன். எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னார் அண்ணாச்சி.

"ஜூன் ஏழாம் தேதி மாலை சவரிமுத்து சோதனைக்குத் தயாராக ஐந்தரை மணி வரை காத்திருந்தார். பிரமிளா வரவில்லை."

அண்ணாச்சி என் கையிலிருந்த பேனாவை வாங்கினார்.